தலைக்குரிய வருமானம்: வரைபடத்தின் கீழே ஒரு குறிப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் தலைக்குரிய தேசிய வருமானம் இருபது ஆண்டுகளில் எப்படி ஏறி இறங்கியது என்று டொலரில் காட்டும் வரைபடங்கள் தங்கள் நாளிதழிலும் மற்ற நாளிதழ்களிலும் அடிக்கடி வருகின்றன. எந்த அடியாண்டுக் கணக்கு (எந்த ஆண்டின் விலையை அடியாகக் கொண்டது), எந்த நாணயமாற்று வீதம், எந்தச் சனத்தொகை என்ற விபரம் அவற்றின் கீழே இருப்பதில்லை. இவை தெரியாவிட்டால் அந்தக் கோட்டின் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் பொருள் கொள்ள முடியாது. 2022 என்ற ஒரே ஆண்டை எடுத்துப் பார்த்தாலே இது விளங்கும்.

2015 ஐ அடியாண்டாகக் கொண்ட கணக்கின்படி, நடைமுறை விலையில் (அந்தந்த ஆண்டின் விலையில்) மொத்த உள்நாட்டு உற்பத்தி 2021 இல் ஏறத்தாழ 17.6 திரில்லியன் ரூபா, 2022 இல் 24.1 திரில்லியன் ரூபா. அதாவது 37 வீத ஏற்றம். அதே ஆண்டில், நிலையான விலையில் (விலையேற்றத்தை நீக்கிப் பார்த்தால்) பொருளாதாரம் 7.3 வீதம் சுருங்கியது. டொலரில் பார்ப்போம்: 2021 இன் சராசரி வீதம் சுமார் 199 ரூபா, 2022 இல் சுமார் 325. வகுத்தால் 88 பில்லியன் டொலருக்குச் சற்று மேலிருந்து 74 பில்லியனுக்கு வந்துவிடும். 16 வீத வீழ்ச்சி. ஒரே நாடு, ஒரே ஆண்டு, 37 வீத ஏற்றம், 7 வீத இறக்கம், 16 வீத இறக்கம். மூன்றிலும் கணக்குப் பிழை இல்லை. முதலாவதில் விலையேற்றம் கலந்திருக்கிறது, மூன்றாவதில் ரூபாவின் சரிவு கலந்திருக்கிறது. மக்கள் உண்டாக்கிய பொருளும் சேவையும் எவ்வளவு குறைந்தன என்பதற்கு இரண்டாவதுதான் விடை.

இதுவரை சொன்னது உள்நாட்டு உற்பத்தி. தேசிய வருமானத்துக்குப் போக ஒரு படி மேலே ஏறவேண்டும். உள்நாட்டு உற்பத்தியோடு, இந்நாட்டில் வதிவோர் வெளியிலிருந்து பெறும் ஊதியம், வட்டி, இலாபப் பங்கு ஆகியவற்றைக் கூட்டி, வெளியாருக்கு நாம் கொடுக்கும் அதே இனங்களைக் கழித்தால் வருவது மொத்தத் தேசிய வருமானம். 1993 இல் வந்த ஐக்கிய நாடுகள் தேசியக் கணக்கு முறைமைதான் பழைய 'மொத்தத் தேசிய உற்பத்தி' என்ற பெயரை மாற்றி இந்தப் பெயரை வைத்தது. இலங்கைக்கு இந்தத் தேறிய தொகை மறையானது, அதாவது பூச்சியத்துக்குக் கீழே. வெளிநாட்டுக் கடனின் வட்டியும் வெளிநாட்டுக் கம்பனிகளின் இலாபமும் நமக்கு வருவதைவிட அதிகம். அதனால் நமது தேசிய வருமானம் உள்நாட்டு உற்பத்தியைவிட அண்மைய ஆண்டுகளில் ஏறத்தாழ 2 முதல் 3 வீதம் குறைவாக இருந்துவந்தது.

இங்கேதான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணம் தேசிய வருமானத்தைக் கூட்டுகிறது என்று கட்டுரைகளில் எழுதப்படுகிறது, மேடைகளில் பேசப்படுகிறது. அது சரியல்ல. ஒருவர் ஓராண்டோ அதற்கு மேலோ இன்னொரு நாட்டில் தங்கி வேலை செய்தால், கணக்கியல் விதிப்படி அவர் அந்த நாட்டின் வதிவாளர். குவைத்தில் இரண்டாண்டு ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் பெண்ணின் சம்பளம் குவைத்தின் தேசிய வருமானம். அவர் மட்டக்களப்புக்கு அனுப்பும் பணம் சென்மதி நிலுவையின் (நாட்டுக்கும் வெளியுலகுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் கணக்கின்) இரண்டாந்தர வருமானக் கணக்கில் மாற்றலாகப் பதியப்படும். அது கூடுவது மொத்தத் தேசிய செலவிடத்தக்க வருமானம் என்ற வேறோர் அளவையில். தொழிலாளர் பணவனுப்பல் 2021 இல் 5.5 பில்லியன் டொலராகவும் 2022 இல் 3.8 பில்லியனாகவும் இறங்கியபோது தேசிய வருமானக் கணக்கில் நேரடியாக ஒரு சதமும் குறையவில்லை. குடும்பங்களின் கைக்காசு குறைந்தது, அதனால் செலவு குறைந்தது, அந்த வழியாகத்தான் உற்பத்தியைத் தொட்டது.

விதிக்குள் சில நுணுக்கங்களும் உண்டு. வெளிநாட்டுக் கப்பலில் மாதக்கணக்கில் மிதக்கும் மாலுமியின் வீடு இங்கே என்றால் அவர் இந்நாட்டு வதிவாளர்தான், அவருடைய சம்பளம் நமது தேசிய வருமானத்தில் சேரும். கொழும்பிலுள்ள ஒரு வெளிநாட்டுத் தூதரகத்தில் வேலை செய்யும் உள்ளூர்க்காரரின் சம்பளமும் அப்படியே. தூதரகம் இந்நாட்டு நிறுவனமாகக் கொள்ளப்படாததால் அது உள்நாட்டு உற்பத்தியில் வராது, தேசிய வருமானத்தில் வரும். வீட்டிலிருந்தபடி வெளிநாட்டு நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பவருடையது சேவை ஏற்றுமதி. அது உள்நாட்டு உற்பத்தியிலேயே சேர்ந்துவிடும். மூன்று பேருக்கும் டொலர் வெளியிலிருந்துதான் வருகிறது, கணக்கில் போகும் இடம் வேறு.

கொடுப்பனவுப் பக்கத்திலும் பார்க்கவேண்டியது இருக்கிறது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் மீளச் செலுத்துவதை அரசாங்கம் இடைநிறுத்தியது. வட்டி கட்டவில்லை என்பதற்காகத் தேசிய வருமானம் கூடிவிடாது. காசு கைமாறும் நாளில் அல்ல, கடப்பாடு உருவாகும் நாளில் பதிவதுதான் விதி. கட்டாத வட்டியும் வெளிச்செல்லும் வருமானமாகவே பதியப்பட்டு, மறுபக்கத்தில் நிலுவைக் கடனாக ஏறும். அதுபோலவே, வெளிநாட்டுக் கம்பனி இங்கே ஈட்டிய இலாபத்தை வெளியே எடுக்காமல் இங்கேயே மறுமுதலீடு செய்தாலும், முதலில் அது உரிமையாளருக்குப் போனதாகக் கழிக்கப்பட்டு, பிறகு முதலீடாகத் திரும்பி வந்ததாகப் பதியப்படும். வங்கிப் பதிவை மட்டும் பார்த்துக் கணக்கிடுவோர் இந்த இரண்டிலும் தவறுவார்கள்.

சென்மதி நிலுவை டொலரில் இருக்கும். உற்பத்தி ரூபாவில் இருக்கும். இரண்டையும் கூட்டும்போது ஆண்டுச் சராசரி வீதத்தைப் போட்டுப் பெருக்குவதுதான் பலரது வழக்கம். சாதாரண ஆண்டில் பாதகமில்லை. 2022 இல் மார்ச் தொடக்கம்வரை டொலர் 200 ரூபாவை ஒட்டி இருந்தது; மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. முதற் காலாண்டில் ஏற்பட்ட கொடுப்பனவை 325 ஆல் பெருக்கினால் தொகை வீங்கிவிடும். காலாண்டு வாரியாக மாற்றிப் பிறகு கூட்டவேண்டும்.

இனி, ஆண்டுகளை ஒன்றோடொன்று இணைப்பது. நீண்ட வரைபடங்கள் பெரும்பாலும் இங்கேதான் உடைகின்றன. தொகைமதிப்பு மற்றும் புள்ளிவிபரத் திணைக்களம் 2002, 2010, 2015 என்று அடியாண்டை மாற்றி வந்திருக்கிறது. புதிய அடியாண்டு வரும்போது விலை மட்டும் மாறுவதில்லை. முன்பு எண்ணப்படாத தொழில்கள் சேரும், புதிய அளவீடுகள் வரும், வகைப்படுத்தல் மாறும். 2010 இன் உள்நாட்டு உற்பத்தி பழைய (2002 அடியாண்டு) தொடரில் ஏறத்தாழ 5,600 பில்லியன் ரூபா. புதிய (2010 அடியாண்டு) தொடரில் 6,400 பில்லியனுக்கு மேல். ஒரே ஆண்டுக்கு 14 வீத வேறுபாடு. 2009 ஐப் பழைய தொடரிலிருந்தும் 2010 ஐப் புதிய தொடரிலிருந்தும் எடுத்து ஒட்டினால், 16 வீதமாக இருக்கவேண்டிய பெயரளவு வளர்ச்சி 33 வீதமாகத் தெரியும். போர் முடிந்த மறு ஆண்டு என்பதால் வாசகரும் அதை எளிதாக நம்பிவிடுவார். இந்தத் தவறு இதனாலேயே ஆபத்தானது.

மட்டம் கூடினால் வளர்ச்சியும் கூடும் என்றும் எண்ணவேண்டாம். 2013 இன் வளர்ச்சி 2002 அடியாண்டுக் கணக்கில் 7.2 வீதம், 2010 அடியாண்டுக் கணக்கில் 3.4 வீதம். 2019 இன் வளர்ச்சி 2010 அடியாண்டில் 2.3 வீதமாக அறிவிக்கப்பட்டது; 2015 அடியாண்டில் அது 0.2 வீதச் சுருக்கமாக மாறியது. ஓர் ஆட்சிக்காலத்தைப் புகழவும் இகழவும் இந்த எண்கள் கையாளப்படுவதால், எந்தத் தொடரிலிருந்து எடுத்தது என்று சொல்லாமல் அச்சிடுவது வாசகருக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறோம்.

இணைக்கும் முறை கடினமானதல்ல. இரண்டு தொடருக்கும் பொதுவான ஓர் ஆண்டை எடுத்து, புதிய மதிப்பைப் பழைய மதிப்பால் வகுத்து, வரும் விகிதத்தால் அதற்கு முந்திய பழைய ஆண்டுகள் எல்லாவற்றையும் பெருக்கவேண்டும். பழைய ஆண்டுகளின் வளர்ச்சி வீதங்கள் அப்படியே இருக்கும், மட்டம் மட்டும் உயரும். விவசாயம், கைத்தொழில், சேவைகள் மூன்றையும் தனித்தனியே இணைத்தால் அவற்றின் கூட்டுத்தொகை மொத்தத்தோடு பொருந்தாது. அது இம்முறையின் இயல்பு. பொருந்தவைக்க ஏதாவது ஒரு துறையில் மீதியைத் திணிக்கக்கூடாது. எவ்வளவு பின்னால் போகிறோமோ அவ்வளவுக்கு இந்த விகிதத்தின் நம்பகம் குறையும்: 2010 இல் விடுபட்டிருந்த தொழில்கள் 1990 இலும் அதே பங்கில் இருந்தன என்று நாம் எடுத்துக்கொள்கிறோம் அல்லவா?

வடக்கு கிழக்கைப் பொறுத்தவரை இந்த ஐயம் இன்னும் கூடுதல். 2001 குடிசன மதிப்பீடு 18 மாவட்டங்களில்தான் முழுமையாக நடந்தது. வீட்டு வருமான செலவின அளவீடு 2009/10 இல்கூட மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைத் தொடவில்லை; 2012/13 இல்தான் 25 மாவட்டங்களும் சேர்ந்தன. அளவீடு எட்டாத இடத்து நெல்லும் மீனும் கடை வியாபாரமும் மதிப்பீடாகவே கணக்குக்குள் வந்தன. ஆகவே 2009 க்குப் பிந்திய ஏற்றத்தில் எவ்வளவு உண்மையில் புதிதாக விளைந்தது, எவ்வளவு புதிதாக எண்ணப்பட்டது என்று பிரித்துப் பார்க்கும் பொறுப்பு எழுதுவோருக்கு உண்டு.

விலையேற்றத்தை நீக்க எதனால் வகுப்பது? கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் அதையே பலர் எடுக்கிறார்கள். அது கொழும்பு நகரக் குடும்பங்களின் செலவுக் கூடை. தேயிலை ஏற்றுமதியும் கட்டட வேலையும் அரச சேவையும் அதில் இல்லை. 2022 இல் அதன் ஆண்டுச் சராசரி 46.4 வீதம் ஏறியது, மேலே உள்ள எண்களிலிருந்து உற்பத்திச் சுருக்கியை, அதாவது மொத்த உற்பத்தியின் விலை எவ்வளவு ஏறியது என்ற அளவை, கணித்தால் (1.37 ஐ 0.927 ஆல் வகுத்து) 48 வீதம் வருகிறது. இங்கே அருகருகே வந்திருக்கின்றன, எல்லா ஆண்டிலும் அப்படி வராது. மெய்த் தேசிய வருமானத்துக்கு இன்னொரு திருத்தமும் தேவை. நூறு கிலோ தேயிலை விற்று முன்பு வாங்கிய எரிபொருளை இப்போது வாங்க நூற்றிருபது கிலோ விற்கவேண்டும் என்றால், உற்பத்தி குறையாமலே நாம் ஏழைகளாகிறோம். இந்த வணிக மாற்று வீத இழப்பு மெய் உள்நாட்டு உற்பத்தியில் தெரியாது, மெய்த் தேசிய வருமானத்தில் கழிக்கப்படும். எரிபொருளை இறக்குமதி செய்தே வாழும் நாட்டுக்கு இது சிறு விடயமல்ல.

டொலர் ஒப்பீடு தவிர்க்க முடியாதபோது உலக வங்கி கையாள்வது அட்லஸ் முறை. அந்த ஆண்டின் வீதத்தோடு முந்திய இரண்டு ஆண்டுகளின் வீதங்களையும் சேர்த்துச் சராசரி எடுப்பார்கள். முந்திய வீதங்களை அப்படியே எடுப்பதில்லை. இடைக்கால உள்நாட்டு விலையேற்றத்தால் பெருக்கி, சர்வதேச நாணய நிதியத்தின் சிறப்பு எடுப்பனவு உரிமையில் அடங்கும் நாணயங்களுக்குரிய நாடுகளின் விலையேற்றத்தால் வகுப்பார்கள். 2021 இன் 199 ரூபாவை 1.48 ஆல் பெருக்கி, வெளியுலக விலையேற்றம் 5 வீதம் என்று வைத்து வகுத்தால் ஏறத்தாழ 280 வரும். 2020 க்கும் இப்படிச் செய்து, 2022 இன் 325 உடன் சராசரி எடுத்தால் கிடைப்பது 300 ரூபாவுக்குக் குறைந்த வீதம். ஆகவே 2022 இன் வீழ்ச்சி அட்லஸ் எண்ணில் சிறிதாகத் தெரியும். அட்லஸ் எண்ணையும் சந்தை வீத எண்ணையும் ஒரே கோட்டில் கலப்பது கூடவே கூடாது.

உலக வங்கியின் வருமான வகுப்பையும் வளர்ச்சியின் அளவாகக் காட்டுகிறார்கள். 2019 ஜூலையில் 4,060 டொலருடன் இலங்கை உயர் நடுத்தர வருமான வகுப்புக்கு ஏறியது. அப்போது கீழ்நடுத்தர வகுப்பின் மேல் எல்லை 3,995. மறு ஆண்டு எண் 4,020, எல்லை 4,045. நாம் 40 டொலர் இறங்கினோம், எல்லை 50 டொலர் ஏறியது, அதனால் வகுப்பு மாறியது. இந்த எல்லை ஆண்டுதோறும் உலக விலையேற்றத்துக்கு ஏற்ப நகர்வது. பின்னர் எண்கள் திருத்தப்பட்டாலும் பழைய வகுப்பு திருத்தப்படுவதில்லை.

கடைசியாகச் சனத்தொகை. 2022 இன் நடுவாண்டு மதிப்பீடு ஏறத்தாழ 22.2 மில்லியன். 2024 குடிசன மதிப்பீட்டின் முதற்கட்ட முடிவில் எண்ணப்பட்டோர் 21.76 மில்லியன். இடையில் வெளிநாடு சென்றோர் பலர் என்றாலும், இரண்டு ஆண்டுகளுக்கு இரண்டு மூலங்களிலிருந்து எடுத்தால் தலைக்குரிய வருமானம் 2 வீதம்வரை தானாக ஏறிவிடும்.

எனவே இத்தகைய வரைபடம் ஒவ்வொன்றின் கீழும் சிறிய எழுத்திலாவது இப்படியொரு குறிப்பு இடும்படி கேட்டுக்கொள்கிறோம்: "மொத்தத் தேசிய வருமானம், நிலையான 2015 விலையில், ரூபாவில். 2015 க்கு முந்திய ஆண்டுகள் இணைப்பு விகிதத்தால் மாற்றப்பட்டவை. சனத்தொகை: திணைக்களத்தின் நடுவாண்டு மதிப்பீடு. எண்கள் எடுக்கப்பட்ட திகதி." திகதியை மறக்கவேண்டாம், அடுத்த திருத்தம் வந்தபின் பார்ப்பவருக்கு அது ஒன்றுதான் பிடி.

இப்படிக்கு,
தேசியக் கணக்கியல் கற்பிக்கும் இருவர்,
யாழ்ப்பாணம்.