கல்லீரல் விளக்கக் கூட்டத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

"ஸ்டெம் செல் போட்டா கல்லீரல் திரும்ப வளந்துருமாமே?" சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிக் கெட்டுப்போகும் நோய்) முற்றிய நோயாளிகளின் வீட்டார் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய மூலச் செல். அவர்களுக்காக மதுரையில் ஞாயிறுதோறும் நடந்த விளக்கக் கூட்டங்களுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் இந்த மடல்.

முதல் நன்றி, மழுப்பாமல் பதில் சொன்ன கல்லீரல் மருத்துவர்களுக்கு. சிறிய ஆய்வுகள் சிலவற்றில் அல்புமினும் (கல்லீரல் தயாரிக்கும் புரதம்) பிலிருபினும் (மஞ்சள் காமாலையைக் காட்டும் அளவு) கொஞ்சம் தேறியதை அவர்கள் மறைக்கவில்லை. பிரிட்டனில் 81 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வையும் சொன்னார்கள். ஸ்டெம் செல்லை இரத்தத்துக்கு வரவைக்க ஐந்து நாள் ஊசி போட்டு, நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லைப் பிரித்து மூன்று முறை ஏற்றியும் 90 நாளில் மெல்ட் மதிப்பெண் (கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று இரத்தப் பரிசோதனையை வைத்துப் போடும் கணக்கு) தேறவில்லை. செல் ஏற்றிய 28 பேரில் 12 பேருக்குக் கடுமையான பாதிப்பு. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் மூன்றே பேருக்குத்தான். கல்லீரல் முழுக்கத் தழும்பேறி இரத்த ஓட்டமே தடைபட்டிருக்கும்போது புதுச் செல்லை மட்டும் அனுப்பி என்ன பயன் என்று அவர்கள் கேட்டது நியாயம்தான்.

ஸ்டெம் செல் ஆய்வில் சேருகிறவர்கள் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கிய அம்மாவுக்குத் தனி நன்றி. ஸ்டெம் செல்லை 'குருத்தணு' என்று எழுதியிருந்தால் உசிலம்பட்டிக்காரர் படிவத்தை மடித்துப் பையில் வைத்திருப்பார். ஸ்டெம் செல் என்றே விட்டார். "யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது குலுக்கல் மாதிரி, நீங்களும் தேர்ந்தெடுக்க முடியாது, டாக்டரும் முடியாது" என்ற வரி அவருடையது. இந்தியாவில் கல்லீரலுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை ஆய்வாக மட்டுமே செய்யப்பட வேண்டியது, சிடிஆர்ஐ (மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடு) பதிவெண்ணும் நெறிமுறைக் குழு ஒப்புதலும் கேளுங்கள், காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள் என்பதைக் கொட்டை எழுத்தில் போட்டதும் அவர்தான்.

எலக்ட்ரானிக் தராசை இரவல் தந்த மளிகைக் கடை அண்ணாச்சிக்கு நன்றி. ஒரு நாள் உப்பு 5 கிராம், அதாவது மட்டமாக ஒரு டீஸ்பூன். தாளில் அதைக் கொட்டிக் காட்டியதும் கூடமே அமைதியானது. ஊறுகாய், கருவாடு, அப்பளம் எல்லாம் அதற்குள் அடக்கம். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு வேண்டாம். ஸ்பைரனோலாக்டோன் என்ற நீர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது இதயத்தையே பாதிக்கும். பருப்பையும் முட்டையையும் நிறுத்தாதீர்கள், படுக்குமுன் ஏதாவது சாப்பிடுங்கள் என்று உணவு ஆலோசகர் சொன்னதைத்தான் நம்மவர்கள் கடைசிவரை நம்பவில்லை!

செவிலியர்கள் சொல்லிக்கொடுத்தது: தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன், ஒரே எடைமெஷினில் எடை பார்க்க வேண்டும். நீர் மாத்திரையில் நாளுக்கு அரைக் கிலோ குறையலாம், கால் வீக்கம் இருந்தால் ஒரு கிலோ. அதற்கு மேல் போனால் சிறுநீரகம் அடிவாங்கும். வயிற்றிலிருந்து 5 லிட்டருக்கு மேல் நீர் எடுத்தால் லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் அல்புமின் ஏற்ற வேண்டும். எட்டு லிட்டருக்கு 20 சதவீத 100 மில்லி பாட்டில் சுமார் மூன்று. லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி மருந்து, நாளுக்கு இரண்டு மூன்று முறை இளகலாகப் போகும் அளவுக்கு. பகலில் தூக்கம், இரவில் முழிப்பு, கையில் நடுக்கம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

டிரான்ஸ்டான் (தமிழ்நாடு அரசின் உறுப்பு மாற்று ஆணையம்) பதிவையும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தையும் விளக்கிய ஒருங்கிணைப்பாளர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். ஸ்டெம் செல்லுக்காகக் காத்திருக்கும் மாதங்களில் கிருமித்தொற்று வந்து, தசை கரைந்து, கல்லீரல் மாற்று அறுவைக்கே தகுதி போய்விடுகிறது. எங்களைப் பொறுத்தவரை பெரிய இழப்பு அதுதான்.

கோரிப்பாளையத்திலிருந்து ஆட்களை ஏற்றி வந்த ஆட்டோ தம்பிகளுக்கும், டீ கொடுத்தனுப்பிய அக்காவுக்கும் நன்றி.

கடைசியாக, மருந்துக்கடைத் தம்பிக்கு. கூட்டத்தில் கொடுத்த விளக்கத் தாளின் முதல் அச்சில் பாராசிட்டமால் 'ஒரு நாளைக்கு 2 கிராமுக்குள்' என்பது 'ஒரு வேளைக்கு' என்று விழுந்துவிட்டது, கண்டுபிடித்தவர் அவர். பழைய தாள் கையில் இருப்பவர்கள் தயவுசெய்து கிழித்துப் போட்டுவிடுங்கள். புதுத் தாள் மஞ்சள் நிறத்தில் இருக்கும்.