ஆண்டறிக்கை: அலை வரும் திசையை ஆழ்கற்றலால் அறிதல்

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே,

மாதாந்தக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆண்டின் பெரும்பகுதி, வானொலி அலை வரும் திசையைப் பல அன்ரெனாக்களாலும் கணினியில் பயிற்றும் நரம்பு வலையமைப்பாலும் அறியும் தொகுதியோடு போனதால் அறிக்கையும் அதைப் பற்றியதே.

145 மெகாஹேர்ட்சில் அலைநீளம் 2.07 மீற்றர். அயல் அன்ரெனாக்களின் இடைவெளி அதில் அரைவாசிக்குள் இருக்கவேண்டும். கூடினால் ஒரே அளவீட்டுக்கு வேறு திசையும் பொருந்தக்கூடும். 80 சென்ரிமீற்றர் ஆரையுள்ள வட்டத்தில் 5 அன்ரெனாக்களை நட்டால் இடைவெளி 94 சென்ரிமீற்றர்.

கேபிள்தான் கூடிய தொல்லை. ஆர்ஜி-58 என்ற அன்ரெனாக் கேபிளில் அலை ஒளிவேகத்தின் 66 சதவீதத்திலேயே ஓடும். ஒரு கேபிள் 10 சென்ரிமீற்றர் நீண்டால் அவத்தை, அதாவது அலை தன் சுழற்சியில் நிற்கும் நிலை, 26 பாகை பிசகும். அன்ரெனாக்களுக்கு இடையிலான அவத்தை வேறுபாடுதான் திசையைச் சொல்வது. கிராக்கன் எஸ்டிஆர் என்ற வானொலி வாங்கிப் பெட்டி தன் உள்ளே உள்ள இரைச்சல் மூலத்தால் 5 வாங்கிகளையும் சமப்படுத்தும். வெளிக் கேபிளில் உள்ள பிழை அதற்குத் தெரியாது. ஒரே சுருளில் ஒரே அளவாக வெட்டவேண்டும்.

வலையமைப்புக்குப் போவது அன்ரெனாக்களைச் சோடி சோடியாக ஒப்பிடும் 5×5 தாயம், அதாவது எண் அட்டவணை. அதன் ஒவ்வொரு கட்டத்திலும் மெய், கற்பனை என 2 எண்கள், ஆக 50. மூலைவிட்டத்தின் இரு பக்கமும் ஒன்றின் பிரதி, மூலைவிட்டத்தில் கற்பனை எண் இல்லை என்பதால் 25 எண்களே போதும். வெளியீடு பாகைக்கு ஒன்றாக 360 கட்டங்கள். திசையை ஒற்றை எண்ணாகக் கேட்டால் 359க்கும் 1க்கும் இடையே 2 பாகைதான் என்பது அதற்குப் புரியாது. கணினியில் உருவாக்கும் பயிற்சித் தரவில் அவத்தைப் பிழையை வேண்டுமென்றே கலக்கவேண்டும். சுத்தமான தரவில் படித்தது வெளியில் தடுமாறும்.

விடையைச் சரிபார்க்கும் உண்மைத் திசைக்கு, அறுவடை முடிந்த வயலில் அலை அனுப்பும் கைக்கருவியோடு நடப்பவரின் ஜிபிஎஸ். அது 5 மீற்றர் பிசகினால் 50 மீற்றர் தூரத்தில் கிட்டத்தட்ட 6 பாகைப் பிழை. 300 மீற்றரில் 1 பாகை. கிட்ட நின்று அளப்பது வீண்வேலை.

ஒரே இடத்துப் பதிவைத் துண்டாக்கிப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிக்கவே கூடாது. வலையமைப்பு இடத்தை மனப்பாடம் செய்து அருமையான புள்ளி எடுக்கும், அடுத்த வயலில் கவிழும். குளக்கட்டுப் பதிவு பயிற்சிக்கென்றால் வயல் பதிவு சோதனைக்கு.

1986 இல் வெளியான சிமிட்டின் மியூசிக் என்ற, பயிற்சி இல்லாமல் கணக்கால் திசை காணும் முறையையும் கைவிடவேண்டாம். தகரக்கூரையில் தெறித்து வரும் அலை நேரலையோடு ஒத்திசைவதால் அங்கே அது குழம்பும் என்பது உண்மை. ஆனால் வெட்டவெளியில் அதுவே பிழையான திசையைக் காட்டினால் கோளாறு கேபிளில், வலையமைப்பில் அல்ல.

வரும் ஆண்டில் தகரக்கூரைகளுக்கு நடுவே பதிவெடுக்க உத்தேசம். ஒலிபரப்பும் கருவியை 4எஸ் என்று தொடங்கும் இலங்கை வானொலி அழைப்புக்குறி உள்ளவர்கள் மட்டுமே இயக்கவேண்டும்.

செயலாளர்