உன் நண்பனிடம் சொல்

அன்புள்ள குமரா,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் "சரிம்மா, வகுப்புக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தபாலில் போட்டால் நாளாகும். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், தனியாக இருக்கும்போது படி.

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. கடலை பிடுங்கியாகிவிட்டது, விலைதான் இல்லை. கீரனூர்ச் சித்தி வந்து பழைய பேச்சையே பேசிவிட்டுப் போனாள். அதெல்லாம் அப்புறம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஒன்று கேட்டாய். "ஒரு பையன் வாயால சொன்னது மட்டும்தான் இருக்கு, வேற ஆதாரம் இல்ல, அத வெச்சு ஏதாவது பண்ண முடியுமாம்மா" என்று. யாருக்கு என்றேன். வேறு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கும் நண்பனுக்கு என்றாய். சரி, நண்பனுக்கு என்றே இருக்கட்டும். அன்றிலிருந்து நீ அப்பா கூப்பிட்டாலும் எடுப்பதில்லை, அக்கா கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. அதைப் பற்றியும் நான் கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், உன் நண்பனிடம் சொல். அங்கன்வாடியில் காலமெல்லாம் வேலை பார்த்த எங்க அம்மா சொன்னது என்று சொல்.

முடியும். பையன் வாயால் சொன்னதே போதும். ஆதாரம் தேடுவது போலீஸ் வேலை, வாத்தியார் வேலை இல்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு எங்களுக்குப் பயிற்சி வைத்தார்கள், அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 19-வது பிரிவு: குற்றம் நடந்தது என்று தெரிந்தாலும், நடந்துவிடும் என்று பயம் இருந்தாலும், தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் இருந்தால் 21-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்துக்குப் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே வேலை செய்பவனின் குற்றத்தைச் சொல்லாமல் விட்டால் ஒரு வருடம் வரை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் அதற்காக வழக்குப் போட முடியாது. அதுவும் அதே 19-ல் இருக்கிறது. அந்த வரிக்கு அடியில் நான் அன்றைக்கே சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

உன் நண்பன் தலைமையாசிரியரிடம் சொல்லியிருப்பான். அவர் "நானே விசாரிக்கிறேன், வெளியே விடாதீங்க, பள்ளிக்கூடத்துப் பேரு" என்றிருப்பார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. எல்லாரும் முதலில் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த விசாரணை எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். பையனை அறைக்குள் கூப்பிட்டு நாலு பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து, "எங்கே தொட்டார், எத்தனை தடவை, நீ ஏன் அப்பவே சொல்லலை" என்று கேட்பார்கள். செய்தவனையும் அதே அறையில் நிற்கவைப்பார்கள். பையன் பயந்து "இல்ல சார், நான் பொய் சொன்னேன்" என்பான். கதை முடிந்தது. கொஞ்ச நாளில் அவன் அப்பாவை வரவழைத்து டிசி கொடுத்து அனுப்புவார்கள். நான் பார்த்தவரைக்கும் இடத்தை விட்டுப் போவது எப்போதும் பிள்ளைதான், செய்தவன் அங்கேயே இருப்பான்.

அதனால்தான் சட்டத்தில் வேறு மாதிரி வைத்திருக்கிறார்கள். வாக்குமூலம் பிள்ளையின் வீட்டிலோ, அவன் விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். போலீஸ் சீருடையில் வரக்கூடாது. ராத்திரியில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. செய்தவன் கண்ணில் பிள்ளை படக்கூடாது. இருபத்துநாலு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போக வேண்டும். அவர்கள் வழக்கு முடியும் வரை கூடவே இருக்க ஒரு துணை ஆள் போட்டுக் கொடுப்பார்கள். தலைமையாசிரியர் அறையில் இதில் எது கிடைக்கும்?

"பையன்தானே, இதிலென்ன" என்று யாராவது சொல்லியிருந்தால் அதைக் காதில் வாங்க வேண்டாம் என்று சொல். 2007-ல் மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டது. பாதிக்கும் மேல் பிள்ளைகள் ஏதோ ஒருவிதமான பாலியல் தொந்தரவு நடந்ததாகச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் பையன்கள். பெரும்பாலானவர்கள் அதுவரை யாரிடமும் சொன்னதே இல்லை. பயிற்சியில் இதை மேடம் வாசித்தபோது பின்வரிசையில் இருந்த ஒரு வயதான டீச்சர் எழுந்து வெளியே போய்விட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

யாரிடமும் சொல்லாத பிள்ளைகள் நடுவே ஒருத்தன் உன் நண்பனிடம் வந்து சொல்லியிருக்கிறான். எத்தனை நாள் வாத்தியார்கள் முகத்தையெல்லாம் பார்த்துப் பார்த்து, இவர் அடிக்க மாட்டார், இவர் திட்ட மாட்டார் என்று முடிவு பண்ணியிருப்பான்! அதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அப்படிப்பட்ட வாத்தியார், கேட்ட பிறகும் இத்தனை நாள் யோசித்துக்கொண்டிருக்கிறாரே என்று கோபமும் வருகிறது. குமரா, நீ யோசிக்கும் ஒவ்வொரு ராத்திரியும் அந்தப் பிள்ளை அதே விடுதியில்தான் படுத்துத் தூங்குகிறான்.

நீ என்று எழுதிவிட்டேன். எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும்.

குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடு. எந்த நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. அதோடு நிற்காதே. பக்கத்தில் அனைத்து மகளிர் காவல் நிலையம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, எழுத்தில் கொடு. அவர்கள் எண் போட்டுப் பதிந்து, எழுதியதை உனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் எழுந்து வராதே. பையன் என்ன சொன்னானோ அதை அவன் வார்த்தையிலேயே எழுது. நீ மெருகு போடாதே, மிச்சத்தை ஊகித்து நிரப்பாதே. எந்தத் தேதியில் எந்த இடத்தில் வைத்து உன்னிடம் சொன்னான் என்பதையும் எழுது. திரும்பத் திரும்ப அவனைக் கேட்காதே. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறாயா? உன் குணத்துக்குக் கொடுத்திருப்பாய். அப்படியானால் அவனைக் கூப்பிட்டு, "உன்னைக் காப்பாத்த வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்லப்போறேன், உன் மேல தப்பே இல்ல" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் செய். அவனுக்குத் தெரியாமல் செய்தால் உன்னையும் நம்ப மாட்டான். அந்த ஆளிடம் மட்டும் நீ சண்டைக்குப் போகாதே. போனால் அவன் உஷாராகிவிடுவான், பையனைத்தான் மிரட்டுவான்.

அந்த ஆள் யார் என்று நீ சொல்லவில்லை. பெரிய இடம் என்பது மட்டும் உன் குரலில் தெரிந்தது.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. தகுதிகாண் பருவம் முடியவில்லை. அந்த வேலைக்கு நீ எத்தனை வருடம் படித்தாய், அப்பா எதை விற்றார் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். அதனால்தான் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, "முதல்ல நிரந்தரம் ஆகட்டும்" என்பார். எனக்கும் பயம்தான். உன்னைத் தனிமைப்படுத்துவார்கள், ஓய்வறையில் நீ போனால் பேச்சை நிறுத்துவார்கள், மாறுதல் போடப் பார்ப்பார்கள். போட்டால் போடட்டும். வேறு ஊருக்கு வந்து குடித்தனம் வைத்துத் தர எனக்குத் தெம்பு இருக்கிறது.

மேலத்தெருப் பிள்ளை விஷயம் உனக்கு மறந்திருக்காது. நீ அப்போது பதினொன்றாவது. நான் ஸ்டேஷனுக்குப் போனபிறகு யார் யார் நம் வீட்டுப் படியேறுவதை நிறுத்தினார்கள், உன்னை டியூஷனில் என்ன சொல்லிக் கேலி பண்ணினார்கள் என்று எனக்குத் தெரியும். நீ ஒரு நாளும் "ஏம்மா போனே" என்று என்னைக் கேட்கவில்லை. வழக்கு சீக்கிரம் முடியவும் இல்லை. ஒரு வருடத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, இழுத்தடித்தார்கள். ஆனால் சாதாரணச் சேலையில் வந்த அந்தப் பெண் எஸ்.ஐ. திண்ணையில் உட்கார்ந்து அந்தப் பிள்ளையோடு பேசிய அன்றைக்கு ராத்திரி, பிள்ளை அலறாமல் தூங்கினாள் என்று அவள் ஆத்தா வந்து சொன்னாள். தீர்ப்பெல்லாம் பிறகு வந்தது. எனக்கு அந்தத் தூக்கமே போதுமாக இருந்தது.

இன்னொன்று. இது ஓய்ந்த பிறகு விடுதியைச் சுற்றிப் பார். கழிவறைக்குப் போகும் வழியில் விளக்கு எரிகிறதா, ராத்திரி பிள்ளைகள் படுக்கும் இடத்துக்கு யார் யாரெல்லாம் போகலாம், தனியாக ஒருத்தர் அறைக்குப் பையன்களைக் கூப்பிடும் பழக்கம் இருக்கிறதா என்று பார். பிள்ளைகள் குறையை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டி வைத்திருந்தால் அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேள். சாவி அந்த ஆளிடமே இருந்தால் எந்தப் பிள்ளை அதில் எழுதிப் போடும்? 1098-ஐயும், பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417-ஐயும் பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் பெரிதாக எழுதி வை. ஆனால் இதெல்லாம் பிறகு. முதலில் 1098.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கு நான் ஏறுகிறேன். அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், அவர் கத்தினால் கத்தட்டும். எழுதிக் கொடுக்கத் துணைக்கு ஆள் வேண்டும் என்று எனக்காகக் காத்திருக்காதே. சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது, அந்தப் பிள்ளைக்கு அத்தனை நாள் இல்லை. இதைப் படித்து முடித்ததும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு எனக்கு ஒரு போன் போடு. எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
அம்மா