இசைத்தட்டுக்கு ப்ரீஆம்ப்

ஆசிரியர் அவர்களுக்கு,

செட்டிநாட்டு வீடுகளின் பரணிலிருந்து இறக்கும் இசைத்தட்டுகளைக் கணினியில் ஏற்றுவோர் பலர், பிளேயரை நேரே கணினியின் 'லைன் இன்' எனும் ஒலி உள்ளீட்டில் செருகிவிட்டு, தகரம் தட்டியதுபோல் கேட்கிறது என்கிறார்கள். கேட்காமல் என்ன செய்யும்? முள்ளின் அசைவை மின்சாரமாக மாற்றும் கார்ட்ரிட்ஜில், 'மூவிங் மேக்னட்' வகை தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட்தான், 'லைன் இன்'னுக்கு அது போதாது. தட்டில் பதியும்போதே கீழ்ஸ்தாயியைக் குறைத்து மேல்ஸ்தாயியைக் கூட்டியிருப்பார்கள். அதைத் திருப்பிச் சமன்செய்யும் ஆர்.ஐ.ஏ.ஏ. (எல்.பி. தட்டுகளுக்கான பொதுத் தரம்) சுற்று, 47 கிலோ ஓம் உள்ளீடு, சுமார் 40 டெசிபல் பெருக்கம் உள்ள போனோ ப்ரீஆம்ப் (இசைத்தட்டுக்கான முன்பெருக்கி) போதும். இன்னும் குறைந்த மின்னழுத்தம் தரும் 'மூவிங் காயில்' வகைக் கார்ட்ரிட்ஜுக்கு 60 டெசிபல் தேவை. பிளேயரிலேயே ப்ரீஆம்ப் இருந்தால் ஏதாவது ஒன்றுதான். இரண்டும் சேர்ந்தால் ஒலி சிதையும். ரீங்காரம் வந்தால் எர்த் வயரை ப்ரீஆம்பின் திருகில் மாட்டுங்கள்.

பதிவு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். உச்சம் மைனஸ் 6 டெசிபலுக்குள்.

நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய அரக்குத் தட்டு வேறு ரகம். அதற்கு 3 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) முள் வேண்டும். எல்.பி. எனும் நீண்ட நேரத் தட்டுக்கான சிறிய முள், இதன் அகலமான பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும். முக்கியமாக, அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள், கரைந்துவிடும்.

– ஒரு வாசகர், காரைக்குடி