மெமரி வாங்கும் முன் கெர்னலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்வர் மெமரியின் விலையேற்றம் பற்றித் தங்கள் வணிகப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். செயற்கை நுண்ணறிவுக்கான தேவை சிப் சந்தையை எப்படி இழுத்துக்கொண்டு போகிறது என்பது நன்றாகவே விளக்கப்பட்டிருந்தது. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய மெமரியில் ஒரு பகுதி சும்மா கிடப்பதையும் சொல்லியிருக்கலாம் என்று பட்டது. கோவையில் தரவுதள சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், மெமரியை 4 கேபி பக்கங்களாகப் பிரித்து ஆள்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் 64 பைட்டில் ஒரு குறிப்பு வைத்திருக்கும்: பக்கம் எதற்குப் பயன்படுகிறது, எத்தனை இடங்களிலிருந்து பயன்படுகிறது என்பது போன்ற விவரங்கள். கணக்குப் போட்டால் இது மொத்த மெமரியில் சுமார் 1.6 சதவீதம். 1 டிபி உள்ள சர்வரில் 16 ஜிபி இதற்கே போய்விடுகிறது.

பெரிய தரவுதளங்களுக்கும் மெய்நிகர் கணினிகளுக்கும் 2 எம்பி அல்லது 1 ஜிபி அளவில் ஹியூஜ் பேஜ் எனப்படும் பெரிய பக்கங்களை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பது வழக்கம். 2 எம்பி பக்கம் ஒன்றில் 512 சிறு பக்கங்கள் அடக்கம். சேர்ந்து ஒன்றாகிவிட்ட பிறகும் 512 குறிப்புகளும் அப்படியே இருக்கும், மொத்தம் 32 கேபி. உருப்படியான செய்தி இருப்பது முதல் சில குறிப்புகளில்தான். மீதியெல்லாம் பழைய பேரேட்டில் வரிக்கு வரி ‘மேற்படி’ போட்டிருப்பார்களே, அந்த மாதிரி. முதல் சிறு பக்கமான தலைப்பக்கத்தைக் கை காட்டுவதைத் தவிர அவற்றில் ஒன்றும் இல்லை.

இதற்கு வழி கண்டவர், டிக்டாக்கை உருவாக்கிய பைட்டான்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய முச்சுன் சோங். 2021-இல் வெளிவந்த லினக்ஸ் 5.14-இல் அவருடைய மாற்றம் சேர்ந்தது. 32 கேபி என்பது எட்டு 4 கேபி பக்கங்கள். அவற்றில் முதல் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற ஏழின் முகவரிகளையும் அதே பக்கத்துக்குத் திருப்பிவிட்டு, அந்த வழியாகப் படிக்க மட்டும் அனுமதிக்கிறார்கள். ஏழு பக்கங்கள் பொதுப் பயன்பாட்டுக்குத் திரும்பிவிடும். முதலில் ஆறுதான் மிச்சமானது, பின்னால் வந்த திருத்தத்தில் ஏழாயிற்று. கெர்னலின் மற்ற பகுதிகளுக்கு 512 குறிப்புகளும் பழைய இடத்திலேயே இருப்பதாகத்தான் தெரியும் என்பது இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 1 ஜிபி பக்கமென்றால் 16 எம்பி குறிப்புகளில் 4 கேபி மட்டும் போதும்.

நான் பார்க்கும் சர்வர் ஒன்றில் 512 ஜிபி மெமரி. அதில் 384 ஜிபியை 2 எம்பி பக்கங்களாகத் தரவுதளத்துக்கு ஒதுக்கியிருக்கிறோம். ஹியூஜ்டிஎல்பி ஃப்ரீ விமெம்மேப் (hugetlb_free_vmemmap) என்ற பூட் அளவுருவை, அதாவது சர்வர் தொடங்கும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் அமைப்பை, ‘ஆன்’ செய்து சர்வரை மறுபடி ஏற்றினோம். கெர்னலின் செய்திப் பதிவான டிமெசேஜில் (dmesg), 2 எம்பி பக்கம் ஒன்றுக்கு 28 கேபி விடுவிக்கலாம் என்று கெர்னலே ஒரு வரி எழுதிக் காட்டும். 384 ஜிபிக்குப் பெருக்கிப் பார்த்தால் 5.25 ஜிபி. ஒரு சர்வருக்கு இது சின்னத் தொகையாகத் தோன்றலாம். சர்வர்களை அடுக்கி வைத்த ஒரு ரேக் முழுக்க இப்படி இருந்தால் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். இதற்குச் செலவு ஒரு ரீபூட் மட்டும்தான்.

எல்லோருக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹியூஜ் பேஜைக் கலைத்துச் சிறு பக்கங்களாகத் திருப்பிக் கொடுக்கும்போது, விடுவித்த ஏழு பக்கங்களையும் கெர்னல் மறுபடி தேடிப்பிடித்து நிரப்பியாக வேண்டும். மெமரி நெருக்கடி நேரத்தில் அது கிடைக்காமலும் போகலாம். ஒதுக்குவதும் கலைப்பதும் மெதுவாகும். அதனால்தான் இது வழக்கமாக அணைந்தே வருகிறது. பக்கங்களை அடிக்கடி கூட்டிக் குறைப்பவர்கள் தொடாமல் இருப்பதே நல்லது. கெர்னல் தானாகச் சேர்த்துக்கொள்ளும் டிரான்ஸ்பரன்ட் ஹியூஜ் பேஜுக்கும் இதனால் பலன் இல்லை. ஆனால் பூட் நேரத்திலேயே ஒதுக்கிவிட்டு மாதக்கணக்கில் அப்படியே ஓடும் தரவுதள சர்வரில் தயங்கக் காரணமே இல்லை.

கல்லூரிகள், மருத்துவமனைகள், கூட்டுறவு வங்கிகள் என்று சொந்தமாக சர்வர் வைத்திருப்பவர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர். கூடுதல் மெமரிக்கு விலைப்புள்ளி கேட்கும் முன், ஹியூஜ் பேஜ் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறது, இந்த வசதி தங்கள் கெர்னலில் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறதா என்று நிர்வாகியிடம் கேளுங்கள். பூட் அடைவில் உள்ள கான்ஃபிக் கோப்பைத் திறந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். விலை பற்றி அடுத்து எழுதும்போது தங்கள் நிருபரும் இதைச் சேர்த்துக்கொண்டால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தரவுதள நிர்வாகி ஒருவர்,
கோவை.