தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயிலையும் கடற்கரையையும் பாதுகாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தரங்கம்பாடி ஊர் மக்கள்

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மயிலாடுதுறை மாவட்டம்.

பொருள்: கோயில் அருகே வரலாற்றுப் பலகை வைத்தல், கடல் அரிப்பை ஆண்டுதோறும் அளந்து பதிவு செய்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் நேராக டேன்ஸ்போர்க் கோட்டைக்குப் போகிறார்கள். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் கட்டியது அது. அப்புறம் 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம், 1792இல் எழுந்த நகர வாயில். 1706இல் இங்கே கரை இறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட ஊர் இது என்பதும் பலருக்குத் தெரிகிறது. 1845இல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். வியாபாரமும் மெல்ல நாகப்பட்டினம் பக்கம் போய்விட்டது.

இவையெல்லாம் எங்களுக்குப் பெருமைதான். ஆனால் ஊரின் கதை டேனிஷ்காரர்களோடு தொடங்கவில்லை. கோட்டைக்கு மூன்று நூற்றாண்டுகள் முன்பே, 1306 வாக்கில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் மாசிலாமணிநாதர் கோயில் எழுந்துவிட்டது. சடங்கன்பாடி என்ற பழைய பெயரும் கல்வெட்டில் உண்டு. அந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கரையில் கருங்கல் கொட்டியதால்தான் மிச்சம் நிற்கிறது. வங்கக் கடலுக்கு நேராக, மறைப்பே இல்லாமல் கிடக்கும் மணல் கரை இது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றோடு வரும் அலை ஒவ்வொரு வருடமும் அரிக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் இந்த ஊர் பட்ட பாட்டைத் தாங்கள் அறிவீர்கள்.

கரை எங்கே இருந்தது, எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று மீனவப் பெரியவர்களைக் கேட்டால் கை நீட்டிக் காட்டுவார்கள். அவர்கள் சொல்வதை இப்போதே எழுதி வைக்காவிட்டால் பிறகு கேட்க ஆள் இருக்காது.

ஆகவே, கோயிலின் காலம், கல்வெட்டுச் செய்தி, கடல் கொண்ட பகுதி ஆகியவற்றைத் தமிழில் விளக்கும் பலகையைக் கோயில் அருகே வைக்க வேண்டுகிறோம். கரைக்கும் கோயிலுக்கும் உள்ள தூரத்தை மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் அளந்து, அந்தக் கணக்கைப் பேரூராட்சி அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்ட உத்தரவிட வேண்டும். சரிந்த இடத்தில் கல் தடுப்பை வரும் மழைக்காலத்துக்குள் சரிசெய்வது இவற்றில் மிக அவசரம். பலகைக்குத் தேவையான செய்திகளைத் திரட்டித் தர நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தரங்கம்பாடி ஊர் மக்கள்

இணைப்பு: கையெழுத்துப் பட்டியல், கரையின் புகைப்படங்கள்