கல் கிரஷர் தொழிலாளர்களுக்கு நுரையீரல் பரிசோதனை கேட்டு மனு

அனுப்புநர்:
கிரஷர் தொழிலாளி ஒருவரின் மனைவி,
பாளையங்கோட்டை வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

என் வீட்டுக்காரர் 11 வருஷமாகக் கல் கிரஷரில் வேலை பார்க்கிறார். பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் ஜல்லியையும் பொடியையும் அள்ளிப் போடும் வேலை. மூக்கை மூடிக்கொள்ள ஒரு துண்டு, அவ்வளவுதான். சாயங்காலம் அந்தத் துண்டை நான் அலசினால் வாளிக்கு அடியில் மாவு மாதிரிப் படிகிறது. துண்டில் தங்கியதே இவ்வளவு என்றால், உள்ளே போனது எவ்வளவோ?

2 வருஷமாக இருமல். ஆற்றுப் படித்துறையில் நாலு படி ஏறினாலே உட்கார்ந்துவிடுகிறார். சளியில் கிருமி இல்லை என்றுதான் வந்தது. இருந்தாலும் எக்ஸ்ரேயைப் பார்த்துக் காசநோய் என்று 6 மாதம் மாத்திரை கொடுத்தார்கள். ஒருநாள் விடாமல் சாப்பிட்டும் மூச்சு சரியாகவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று இருக்கிறது. என்ன கூலி வேலை என்று கேட்டவர் அப்புறம் பார்த்த வேறொரு டாக்டர்தான். கேட்டதும், கல்தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாகும் சிலிகோசிஸாக இருக்கலாம், அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது என்றார். அது வந்தவர்களுக்குக் காசநோயும் சுலபமாகப் பிடிக்குமாம். அதனால் மாத்திரை கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே சிலிகோசிஸ், டாக்டர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக இருந்தது. 2020 தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் பட்டியலிலும் இருக்கிறது. நோயின் பெயரே எழுதப்படாவிட்டால் நாங்கள் எதைக் காட்டி இழப்பீடு கேட்பது?

2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து 4 பேர் இறந்தபோது அதிகாரிகள் எல்லோரும் ஓடி வந்தார்கள். தூசியில் படுத்தவர்கள் வீட்டுத் திண்ணையில் கிடப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

கிரஷரில் இப்போது இருப்பவர்கள், முடியாமல் நின்றுவிட்டவர்கள், ஒடிசா, பீகாரிலிருந்து வந்து ரிஜிஸ்டரில் பெயரே இல்லாத பிள்ளைகள் எல்லோருக்கும் ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரேயும் மூச்சுப் பரிசோதனையும் செய்ய உத்தரவிட வேண்டுகிறேன். சீட்டில் என்ன வேலை, எத்தனை வருஷம் என்று எழுதச் சொல்ல வேண்டும். தொழிலகப் பாதுகாப்பு அதிகாரிகள் முன்கூட்டிச் சொல்லாமல் வந்து பார்க்க வேண்டும். வருவது தெரிந்தால் அன்றைக்கு மட்டும் தூசி அடங்கத் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள்.

எக்ஸ்ரே நகலும் சீட்டு நகலும் இணைத்துள்ளேன். அவர் இன்றும் வேலைக்குத்தான் போயிருக்கிறார். விசாரணைக்குப் போகிறவர்கள் அங்கே எங்கள் பெயரைச் சொல்லிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
மனுதாரர்